தைராய்டு ஹார்மோனும் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தைராய்டு மாத்திரை புற்றுநோயை வளர்க்குமாமே?" என்று ஒருவர் பயத்தோடு கேட்கிறார். "எனக்குத் தைராய்டு புற்றுநோய்க்கு அதே மாத்திரையைத்தானே கொடுத்திருக்கிறார்கள்?" என்று இன்னொருவர் குழம்புகிறார். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே மாத்திரைதான். கேள்விகளும் நியாயமானவைதான். அடிக்கடி வரும் சில கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். மாத்திரையின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பார்க்கும் டாக்டர். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

டி3, டி4, டிஎஸ்எச்: இவற்றில் எது என்ன?

டி4, டி3 இரண்டும் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி செய்யும் ஹார்மோன்கள். டி4-இல் நான்கு அயோடின் அணுக்கள், டி3-இல் மூன்று. சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியே விடும். கல்லீரல் போன்ற உறுப்புகள் அதிலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஆக்கிக்கொள்ளும். வேலையில் வீரியம் கூடியது இந்த டி3.

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை, மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரியில் சுரக்கிறது. தைராய்டுக்கு அது போடும் உத்தரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் உத்தரவு பலமாகும், கூடினால் அடங்கிவிடும். அதனால்தான் டிஎஸ்எச் ஏறியிருந்தால் 'தைராய்டு குறைவு' என்கிறார்கள். இந்தத் தலைகீழ்க் கணக்கு பிடிபட்டால் கீழே வருவதில் பாதி தானாகப் புரியும்.

எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று கடையில் வாங்குவதெல்லாம் லெவோதைராக்சின். உடம்பு செய்யும் டி4-ம் இதுவும் ஒன்றேதான்.

பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இதனால் புற்றுநோய் வருமா?

குறைவதை ஈடுகட்டும் அளவில், டிஎஸ்எச் சாதாரண எல்லைக்குள் நிற்கும்படி சாப்பிடுகிறவர் அந்தப் பயத்தில் மாத்திரையை விட வேண்டியதில்லை. உங்கள் சுரப்பி செய்திருக்க வேண்டியதை நீங்கள் வாயால் போடுகிறீர்கள், அவ்வளவுதான். நிறுத்தினால் வரும் கேடுகள் நிச்சயமானவை: சோர்வு, மலச்சிக்கல், கொலஸ்ட்ரால் ஏற்றம், இதயம் தளர்தல். கர்ப்பிணியாக இருந்தால் குழந்தைக்கும் பாதிப்பு.

தேவைக்கு மேல் ஹார்மோன் ஓடுவது வேறு விஷயம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. ரத்தத்தில் டி4 அதிகமாக இருந்தவர்களுக்குப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வந்திருந்தது. நுரையீரலிலும் மார்பகத்திலும் அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இது கவனித்து எழுதிய கணக்கு மட்டுமே. ஹார்மோன்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: உடம்பு இளைக்கும், சுறுசுறுப்பு வரும் என்று மாத்திரையைத் தானாகக் கூட்டிச் சாப்பிடாதீர்கள். புற்றுநோய்க் கணக்கை விட்டுவிட்டாலும் இதயமும் எலும்பும் அதற்கு விலை கொடுக்கும்.

அப்படியானால் 'ஹார்மோன் புற்றை வளர்க்கும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

கதை பழையது. 1896-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்களுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்த்தார். கட்டி சுருங்கியது. ஹார்மோன் வழியாகப் புற்றுநோயை அடக்கலாம் என்பதற்கு அதுவே முதல் சான்று என்று இன்றும் சொல்வார்கள். அதே நோயாளிகளுக்கு அவர் தைராய்டுச் சாற்று மாத்திரையும் கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் அதை உதவியாக நினைத்துத்தான் கொடுத்தார். பெயர் முழுவதும் சினைப்பைக்குப் போனது, தைராய்டு மறந்து போனது.

1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுத் துணுக்குகளைத் தின்னக் கொடுத்தார். அவை அவசர அவசரமாகத் தவளைகளாக மாறின. அந்த மாற்றத்தில் கால் முளைக்கிறது, வால் கரைந்து போகிறது. ஒரே ஹார்மோன் ஒரு திசுவை 'வளர்' என்கிறது, பக்கத்தில் இருப்பதை 'செத்துப் போ' என்கிறது. புற்றுநோய் விஷயத்திலும் எனக்கு இந்தத் தலைப்பிரட்டைதான் ஞாபகம் வரும். கேட்கும் செல் எது என்பதைப் பொறுத்தே பதில்.

1986-இல் இன்னொரு திருப்பம். கோழிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் வைரஸ் ஒன்றில் 'எர்ப்ஏ' என்ற மரபணு உண்டு. அதன் இயல்பான வடிவம் நம் செல்களில் தைராய்டு ஹார்மோனுக்கான ஏற்பி, அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம், என்று இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. வைரஸிடம் இருப்பது காது கேட்காத ஏற்பி. ஹார்மோன் வந்தாலும் அதற்கு உறைக்காது, மற்ற ஏற்பிகளின் வேலையையும் அது கெடுக்கும். அதாவது அங்கே ஹார்மோனின் பேச்சு செல்லுக்கு எட்டாமல் போனதும் புற்று வளர ஒரு காரணம். செல்லின் கருவுக்குள் இருக்கும் பீட்டா வகை ஏற்பி பல கட்டிகளில் கடிவாளம் போல நடந்துகொள்கிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன.

எதிர்ப்பக்கச் சான்று 2005-இல் வந்தது. டி4 ஒட்டிக்கொள்ள செல்லின் வெளிச்சுவரிலும் ஓர் இடம் இருக்கிறது என்று ஆய்வாளர் பால் டேவிஸின் குழுவினர் காட்டினார்கள். இன்டெக்ரின் என்ற புரதத்தின் ஒரு வகை அது. புற்றுச் செல்களிலும், கட்டிக்குள் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களிலும் அது நிறைய இருக்கும். அங்கே டி4 ஒட்டினால் பெருகும்படி செல்லுக்குச் சைகை போகிறது, ரத்தக் குழாயும் முளைக்கிறது. கண்ணாடித் தட்டிலும் எலியிலும் இது தெளிவாகத் தெரிகிறது. இன்று சுற்றும் 'தைராய்டு புற்றை வளர்க்கும்' தகவல்களில் பாதி இந்த ஆய்வு வரிசையிலிருந்து பிய்த்தெடுத்தவை.

சரி, அப்போது ஹார்மோனைக் குறைத்தால் கட்டி சுருங்காதா?

முயன்று பார்த்திருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்த மூளைக்கட்டி நோயாளிகள் 22 பேருக்கு, தைராய்டைக் கட்டுப்படுத்தும் மருந்தையும் மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படும் டமாக்சிஃபெனை அதிக அளவிலும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2003-இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேருக்கு ஹார்மோன் குறைந்தது. குறைந்தவர்கள் சராசரியாக 10 மாதம் வாழ்ந்தார்கள், குறையாதவர்கள் 3 மாதம். படித்ததும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். உடம்பில் ஏற்கெனவே இருக்கும் டி4 பாதியாகவே ஒரு வாரம் ஆகும். மருந்து கொடுத்து ஹார்மோன் நன்றாகக் குறையப் பல வாரங்கள் வேண்டும். முதல் சில வாரங்களிலேயே இறந்துவிட்டவர் 'குறைந்தவர்கள்' பட்டியலில் எப்படி வருவார்? ஹார்மோன் குறைந்ததால் நீண்ட நாள் வாழ்ந்தார்களா, நீண்ட நாள் வாழ்ந்ததால் ஹார்மோன் குறையும் வரை இருந்தார்களா என்பதை 22 பேரை வைத்துப் பிரிக்க முடியாது. டெட்ராக் என்ற பொருள் அந்த வெளிச்சுவர் இடத்தை அடைத்து எலிகளில் கட்டியைத் தடுக்கிறது. அதுவும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. புற்றுநோயாளி ஒருவர் தானாகத் தைராய்டு மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதற்கு இதில் எதுவும் ஆதாரம் ஆகாது. கீமோவைத் தாங்க வேண்டிய உடம்பு அதற்குள் சோர்ந்து போகும்.

தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. லேப் ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் 0.08 என்று சிவப்பில் வந்திருக்கிறது. மாத்திரையைக் குறைக்க வேண்டாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது.

பாப்பிலரி, ஃபோலிக்குலர் என்ற இரண்டு வகைகளும் சேர்ந்துதான் தைராய்டு புற்றுநோயில் மிகப் பெரும் பங்கு. இந்தப் புற்றுச் செல்கள் தாய்ச் சுரப்பியின் குணத்தை முழுவதும் விட்டுவிடுவதில்லை. டிஎஸ்எச் உத்தரவு வந்தால் இவையும் கேட்கும், பெருகும். ஆபரேஷனுக்குப் பிறகு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு செல்லுக்கு அந்த உத்தரவு போகக் கூடாது. அதற்கு வழி, பிட்யூட்டரியை ஏமாற்றுவது. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக லெவோதைராக்சின் கொடுத்தால் 'நிறைய இருக்கிறதே' என்று அது டிஎஸ்எச்சை நிறுத்திக்கொள்ளும். ஆக, இங்கே மாத்திரைக்கு இரண்டு வேலை. இல்லாத சுரப்பிக்குப் பதிலாக நிற்பது ஒன்று, மிச்சமிருக்கும் புற்றுச் செல்லைப் பட்டினி போடுவது இன்னொன்று.

சாதாரணமாகத் தைராய்டு குறைந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் போதும். டிஎஸ்எச்சை அடக்க வேண்டியவருக்கு 2 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேலும் தேவைப்படலாம். 'பக்கத்து வீட்டு அக்காவுக்கு 50தான், எனக்கு மட்டும் ஏன் 125?' என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

எவ்வளவு அடக்குவது? அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டி நோயின் அபாயத்தைப் பொறுத்துப் பிரித்தது. பரவியதோ திரும்பி வரும் வாய்ப்பு அதிகமுள்ளதோ ஆனால் ஆரம்பத்தில் 0.1-க்குக் கீழே. நடுத்தர அபாயம் என்றால் 0.1 முதல் 0.5 வரை. அபாயம் குறைந்து, தைராய்டுச் செல்கள் விடும் தைரோகுளோபுலின் என்ற புரதமும் ரத்தத்தில் தென்படாதவருக்கு 0.5 முதல் 2 வரை, அதாவது கிட்டத்தட்ட ஊரில் எல்லோருக்கும் உள்ள அளவு. உங்கள் 0.08 எந்த வரிசையில் வருகிறது என்று லேப்காரருக்குத் தெரியாது. அவருடைய கம்ப்யூட்டர் 0.4-க்குக் கீழே போனால் எல்லோருக்கும் சிவப்பில்தான் அச்சடிக்கும்.

அதைவிட ஒரு சங்கடமும் உண்டு. காய்ச்சலுக்கோ சர்க்கரைக்கோ வேறொரு டாக்டரிடம் போகும்போது, அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "தைராய்டு அதிகமாகிவிட்டது, பாதியாகக் குறையுங்கள்" என்று சொல்லக்கூடும். பழைய வரலாறு தெரியாமல் அவர் சொல்வதில் தப்பில்லை. புற்றுநோய் இருந்தது, எனக்கு வைத்திருக்கும் இலக்கு இவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஃபைலின் முதல் பக்கத்தில் இலக்கு எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். சாதாரண வேலைதான், நிறையக் குழப்பத்தைத் தடுக்கும்.

இந்த அடக்குமுறை ஆயுள் முழுக்கவா?

பெரும்பாலும் இல்லை. சில வருடங்கள் நோயின் சுவடே தெரியாமல் போனால் இலக்கை மெல்ல மெல்லத் தளர்த்துவார்கள். காரணம், மேலே சொன்ன அந்த விலை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். வயதானவர், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் என்றால் முதலிலிருந்தே மென்மையாகத்தான் போவார்கள். அபாயம் குறைந்த நோயில் கடுமையாக அடக்குவதால் ஆயுள் கூடுவதாகச் சான்று இல்லை. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

மெடுல்லரி வகை என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் இதே கணக்கா?

இல்லை. அது கால்சிட்டோனின் சுரக்கும் வேறு செல்களில் வருவது. டிஎஸ்எச் உத்தரவு அதற்குப் பொருட்டே கிடையாது. சுரப்பியை எடுத்ததை ஈடுகட்ட மட்டும் மாத்திரை, டிஎஸ்எச் சாதாரணமாக இருந்தால் போதும். மிகத் தீவிரமான அனாப்பிளாஸ்டிக் வகையும் டிஎஸ்எச் பேச்சைக் கேட்காது.

மாத்திரையை விடவே கூடாது என்றார்கள். இப்போது கதிரியக்க அயோடினுக்கு முன்னால் நிறுத்தச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

இரண்டையும்தான். இந்த முறை அதே டிஎஸ்எச்சை நமக்காக வேலை வாங்குகிறார்கள். தைராய்டுச் செல்லில் அயோடினை உள்ளே இழுக்கும் ஒரு வாசல் உண்டு. டிஎஸ்எச் ஏறினால் வாசல் அகலத் திறக்கும். பட்டினி கிடந்த செல் கிடைத்த அயோடினை ஆவலாக விழுங்கும், அதில் தன்னைக் கொல்லும் கதிரியக்கம் இருப்பது அதற்குத் தெரியாது. 1940களில் நியூயார்க்கில் சாமுவேல் சைட்லின் உடலில் பரவிய தைராய்டு புற்றுநோய்க்கு இதை முதலில் கொடுத்துப் பார்த்தார். இன்றும் பயன்படுவது அதே முறைதான். அயோடின்-131-இன் வீரியம் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

டிஎஸ்எச் 30-க்கு மேல் போக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதற்கு மூன்று நான்கு வாரம் மாத்திரையை நிறுத்துவார்கள். அந்த வாரங்கள் சிரமமானவை: முகம் ஊதும், குளிரும், எழுந்து நடக்கவே மனம் வராது. வண்டி ஓட்டாதீர்கள். வசதி இருந்தால், ஆய்வகத்தில் செய்த டிஎஸ்எச்சை இரண்டு நாள் ஊசியாகப் போட்டு, மாத்திரையை நிறுத்தாமலே கொடுக்கலாம். தைரோஜென் என்ற அந்த ஊசியின் விலைதான் நம் ஊரில் தடை.

கூடவே ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு. மீன், கருவாடு, இறால், பால், தயிர், முட்டை மஞ்சள்கரு, பேக்கரிப் பண்டம், ஓட்டல் சாப்பாடு எல்லாம் தள்ளி. உப்பில்தான் பலர் ஏமாறுவது. கல் உப்பு என்றாலே அயோடின் இல்லை என்று நினைக்காதீர்கள், பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். ஊறுகாயிலும் வற்றலிலும் என்ன உப்பு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அவையும் வேண்டாம்.

சிறிய, அபாயம் குறைந்த கட்டியை முழுவதும் எடுத்துவிட்டவர்களுக்குக் கதிரியக்க அயோடின் தேவையே இல்லாமலும் போகலாம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்று வருட முடிவு ஒன்றுதான் என்று 2022-இல் பிரான்ஸ் ஆய்வு ஒன்று காட்டியது. 'எனக்கு அவசியமா?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எனக்கு வேறு புற்றுநோய். மருந்து ஆரம்பித்த பிறகு தைராய்டு கெட்டுவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயம் உண்டு. சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சுனிட்டினிப் மாத்திரை இதற்குப் பேர்போனது. இரைப்பை, குடல் பகுதியில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டிக்கு அதைச் சாப்பிட்ட 42 பேரைத் தொடர்ந்த ஆய்வு ஒன்றில் மூன்றில் ஒருவருக்கு மேல் தைராய்டு குறைந்தது. 2006-இல் வந்த முடிவு அது. சோராஃபெனிப், லென்வாட்டினிப் போன்றவையும் இதைச் செய்யும். 'கீமோ அசதி' என்று விட்டுவிட்ட சோர்வு பல பேருக்கு உண்மையில் தைராய்டுச் சோர்வு. ஒரு டிஎஸ்எச் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் வேறு வழியில் கெடுக்கும். அவிழ்த்துவிட்ட நோய் எதிர்ப்புச் செல்கள் தைராய்டையும் சேர்த்துத் தாக்கும். உடைந்த சுரப்பியிலிருந்து ஹார்மோன் கொட்டுவதால் முதல் சில வாரங்களில் படபடப்பும் எடைக் குறைவும் வரும். அப்புறம் சேமிப்பு தீர்ந்து ஒரேயடியாகக் குறைந்துவிடும். முதல் கட்டத்தைப் பார்த்துத் தைராய்டைக் கட்டுப்படுத்தும் கார்பிமசோல் ஆரம்பிப்பதில் பயனில்லை. சுரப்பி அதிகமாக உற்பத்தி செய்யவில்லை, இருந்ததைச் சிந்துகிறது. இரண்டாம் கட்டத்தில் லெவோதைராக்சின் வேண்டும், பெரும்பாலும் ஆயுளுக்கும். இதற்காகப் புற்றுநோய் மருந்தை நிறுத்த வேண்டிய அவசியம் பொதுவாக வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதே மருந்துகள் சிலருக்குப் பிட்யூட்டரியையோ, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியையோ தாக்கி, அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனையும் குறைத்துவிடும். கார்ட்டிசால் குறைந்திருக்கும்போது முதலில் தைராய்டு மாத்திரை கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகும். அதனால் கார்ட்டிசாலைப் பார்த்துவிட்டு, தேவையென்றால் ஸ்டீராய்டை முதலில் கொடுத்து, பிறகுதான் தைராய்டு. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுவது என்று இருந்தால் உடனே சொல்லுங்கள்.

கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். தைராய்டு பல வருடம் கழித்துக்கூட மெல்லக் குறையும். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை டிஎஸ்எச் பாருங்கள்.

கட்டியே ஹார்மோனைத் தின்றுவிடும் என்று படித்தேன். உண்மையா?

அபூர்வம், ஆனால் உண்மை. டி4-ஐயும் டி3-ஐயும் செயலிழக்கச் செய்யும் டிஐயோடினேஸ்-3 என்ற நொதி சில கட்டிகளில் ஏராளமாக இருக்கும். கல்லீரலில் பெரிய ரத்தக் குழாய்க் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு, வழக்கத்தைவிட மிக அதிகமாக ஹார்மோன் கொடுக்க வேண்டியிருந்தது. சுரப்பி உழைத்துக்கொண்டேதான் இருந்தது, கட்டி அதைவிட வேகமாக அழித்தது. 2000-இல் இதை விளக்கிப் பதிவு செய்தார்கள். இந்தக் கட்டி புற்றுநோய் வகை அல்ல. கட்டி சுருங்கினால் தைராய்டும் சரியாகும்.

தைராய்டு ரிப்போர்ட் எல்லாம் நார்மல். அப்படியென்றால் கழுத்துக் கட்டி புற்றாக இருக்காதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. தைராய்டு புற்றுநோய் உள்ள பெரும்பாலானவர்களுக்கு ஹார்மோன் அளவு நார்மலாகவே இருக்கும். கட்டியைப் பற்றிச் சொல்வது அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையும்தான்.

அதற்காகக் காரணமே இல்லாமல் கழுத்தை ஸ்கேன் செய்யவும் ஓடாதீர்கள். தென் கொரியாவில் 1999-க்குப் பிறகு அந்தப் பழக்கம் பரவியது. 1993-ஐவிட 2011-இல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் இறந்தவர்கள் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. கண்டுபிடித்ததில் பெரும்பகுதி யாரையும் கொல்லப் போகாத குட்டிக் கட்டிகள். ஆனால் ஆபரேஷன் ஆனவர்கள் ஆயுளுக்கும் மாத்திரைக்காரர்கள் ஆனார்கள்.

மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும்? முட்டைக்கோஸ் சாப்பிடலாமா?

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அதன் பிறகு காபிக்கும் டிபனுக்கும் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி. ஃபில்டர் காபியோடு சேர்த்து விழுங்கினால் உள்ளே சேருவது குறையும். இதை எங்கள் வீட்டிலேயே ஒருவருக்குப் புரிய வைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டை எடுத்தவர்களில் பலர் கால்சியமும் சாப்பிடுவதால் இது முக்கியம். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் ரிப்போர்ட்டையே புரட்டிப் போட்டுவிடும், ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அடுத்த வாரமே பார்த்தால் எண் பொய் சொல்லும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் விஷயம்: இவை சுரப்பி அயோடினை எடுப்பதைக் கொஞ்சம் தடுக்கும் என்பதால் வந்த பயம் அது. வேகவைத்துச் சாப்பிட்டால் அதுவும் பெருமளவு போய்விடும். தைராய்டை முழுவதும் எடுத்துவிட்டவர் தாராளமாகப் பொரியல் செய்யலாம். தடுப்பதற்கு அங்கே சுரப்பியே இல்லை.